விடுமுறையில் சேவை முகாமுக்குப் போவதா, வேண்டாமா?

கேள்வி: நான் மும்பை தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்கு அருகில் வசிக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிக்கிறேன். சென்ற ஆண்டு விடுமுறையில் நண்பர்களோடு வடக்கே ஒரு மலைக்கிராமப் பள்ளிக்கு ஐந்து நாள் சேவைப் பயணம் சென்றேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தோம், சுவர்களில் ஓவியம் வரைந்தோம். புறப்படும் நாளில் ஒரு சிறுமி, "தீதி (அக்கா), மறுபடி எப்போது வருவீர்கள்?" என்று கேட்டாள். "சீக்கிரம் வருவேன்" என்று சொல்லிவிட்டேன், போகவில்லை. இந்த டிசம்பரில் எனக்கு இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, ஒரு பயண அமைப்பு நடத்தும் ஏழு நாள் சேவை: ஒரு மலைநகரில் உள்ள குழந்தைகள் காப்பகத்தில் தங்கிப் பிள்ளைகளோடு இருப்பது, கட்டணம் 22,000 ரூபாய், முடிவில் சான்றிதழ் உண்டு. மற்றொன்று, எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பிரிவு பால்கர் மாவட்டம் ஜவ்ஹார் வட்டத்தில் நடத்தும் ஏழு நாள் முகாம். அம்மாவுக்குப் பாதுகாப்பு பற்றிய கவலை. அப்பாவோ, "சேவை செய்ய அவ்வளவு தூரம் போக வேண்டுமா, நம்ம சந்துல வேலை இல்லையா?" என்று கேட்கிறார். நான் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

சமூகப் பணி பயிலும் மாணவர்களின் களப்பணியைப் பல ஆண்டுகளாக மேற்பார்வையிட்டு வருபவள் என்ற முறையில் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது எந்த முகாம் நல்லது என்பதைத்தான் என்றாலும், உங்களை உறுத்திக்கொண்டிருப்பது அந்தச் சிறுமியிடம் சொல்லிவிட்டு வந்த சொல் என்று எனக்குத் தோன்றியது. முதலில் உங்கள் கேள்விக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் காப்பகத்துக்குப் போகாதீர்கள். ஜவ்ஹார் முகாமுக்குப் போகலாம், ஆனால் பெயர் கொடுப்பதற்கு முன் உங்கள் திட்ட அலுவலரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவின் கேள்வியை வீட்டில் எழும் வழக்கமான மறுப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதற்குத் தனியே வருகிறேன்.

காப்பகத்தில் வளரும் குழந்தை ஏற்கெனவே ஒரு முறையேனும் தன் மனிதர்களை இழந்த குழந்தை. அதற்கு வேண்டியது ஒரே முகம், நாள்தோறும், ஆண்டுக்கணக்கில். ஏழு நாள் வந்து, மடியில் வைத்துக் கொஞ்சி, எட்டாம் நாள் மறைந்துபோகிறவர்கள் மாதந்தோறும் வந்துகொண்டே இருந்தால், அந்தக் குழந்தை யாரிடமும் ஒட்டாமல் இருக்கப் பழகிக்கொள்ளும், அல்லது வருகிறவர்கள் எல்லோரிடமும் உடனே ஒட்டிக்கொள்ளும். புதியவர்களைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்து, எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று மாணவர்கள் நெகிழ்ந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த வேகமான ஒட்டுதல் நலத்தின் அறிகுறி அன்று. நிலையான துணை கிடைக்காத குழந்தையிடம் காணப்படும் அறிகுறிகளில் அதுவும் ஒன்று என்பது இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். காப்பகங்களில் சுற்றுலாப் பயணிகளும் தன்னார்வலர்களும் குறுகிய காலம் தங்கிப் போவதால் விளையும் தீங்கை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையே 2019 டிசம்பரில் குழந்தை உரிமைகள் பற்றிய தன் தீர்மானத்தில் குறிப்பிட்டிருக்கிறது. கட்டணம் செலுத்தி வருபவர்கள் இருக்கும்வரை காப்பகத்தில் பிள்ளைகளும் இருந்தாக வேண்டும் என்ற நிலை உருவாகி, பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக்கூட ஊரிலிருந்து அழைத்து வந்து சேர்த்த கொடுமை சில நாடுகளில் நடந்திருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த நிறுவனமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின்படியே அங்கு சேர்க்கப்பட வேண்டும். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தப் பயண அமைப்பின் விளம்பரத்தில் காப்பகக் குழந்தைகளின் முகங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அவர்களைப் பற்றி நீங்கள் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. முறையாக நடத்தப்படும் எந்தக் காப்பகமும், பின்னணி விசாரிக்கப்படாத இருபது வயதுக்காரர்களைப் பணம் கட்டினார்கள் என்பதற்காகக் குழந்தைகளோடு தங்க அனுமதிக்காது. உங்கள் மீது எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் உங்களுக்காகத் திறக்கும் அந்தக் கதவு, அதே கட்டணத்தைக் கட்டும் வேறு யாருக்கும் திறக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

22,000 ரூபாயைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. அதில் எவ்வளவு காப்பகத்தைச் சேரும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது என்பது என் அனுபவம்.

இனி ஜவ்ஹார் முகாமைப் பற்றி. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டு ஆண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. ஏழு நாள் என்ற அளவில் பார்த்தால் இதுவும் அந்தப் பயண அமைப்பின் திட்டத்தைப் போன்றதுதான் என்று தோன்றும். ஆனால் "தத்தெடுத்த" என்ற சொல்லில்தான் வேறுபாடு இருக்கிறது. ஒரே கிராமத்துக்கு ஒரு கல்லூரி ஆண்டுதோறும் திரும்பிச் செல்கிறது. சென்ற ஆண்டு வந்தவர்கள் பாதியில் விட்ட வேலையை இந்த ஆண்டு வருபவர்கள் முடிக்கலாம், செய்த தவற்றைத் திருத்தலாம், ஊர்க்காரர்கள் அதைச் சுட்டிக்காட்டவும் செய்யலாம். மாணவர் மாறினாலும் உறவு மாறாமல் இருக்க இந்த அமைப்பு இடம் தருகிறது. இடம் தருகிறது என்றுதான் சொல்கிறேன். எல்லாப் பிரிவுகளும் அந்த இடத்தைப் பயன்படுத்துவதில்லை. மதிப்பெண் சலுகைக்காகப் பெயர் கொடுத்த மாணவர்களும், அறிக்கைக்காக முகாம் நடத்தும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே உங்கள் பிரிவு அந்தக் கிராமத்துக்கு எத்தனை ஆண்டுகளாகப் போகிறது என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காலம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விடுமுறைச் சேவையின் பெரும்பாலான தோல்விகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கல்லூரிக்கு விடுமுறை விடும் நாளும் கிராமத்துக்கு ஆள் வேண்டிய நாளும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜவ்ஹார், மோக்காடா பக்கத்து மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை கொட்டுகிறது. பாறைச் சரிவுகளில் அந்த நீர் நிற்காமல் ஓடிவிடுவதால், ஏப்ரல், மே மாதங்களில் அதே ஊர்ப் பெண்கள் குடங்களைத் தலையில் அடுக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்கிறார்கள். நெல் அறுவடை முடிந்து தீபாவளியும் கழிந்ததும், வார்லி, காத்கரி ஆதிவாசிக் குடும்பங்கள் பலவும் பிவண்டி, வசை பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் பிள்ளைகளோடு புறப்பட்டுவிடுகின்றன. மழைக்குச் சற்று முன்புதான் திரும்புகின்றன. நீங்கள் டிசம்பரில் போகும்போது பல வீடுகளில் முதியவர்களும், அவர்களிடம் விட்டுச்செல்லப்பட்ட சில பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள். மே மாதம் போனால் பள்ளி மூடியிருக்கும். ஊரே கூடி நின்று உங்களை வரவேற்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு அக்கறையே இல்லை என்ற முடிவோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அக்கறை இல்லாதவர்கள் அல்லர், பிழைப்புக்காகப் போயிருக்கிறார்கள்.

நான் மாணவியாக இருந்தபோது இப்படி ஒரு டிசம்பர் முகாமில் மூன்று நாட்கள் குழி தோண்டி, ஒரு மேட்டில் வரிசையாக மரக்கன்றுகள் நட்டோம். படம் எடுத்துக்கொண்டோம், பெருமையாக இருந்தது. அடுத்த ஜூனில் எங்களில் இரண்டு பேர் மட்டும் அங்கே போனோம். ஒரு கன்றுகூட இல்லை. அந்த மேட்டுக்குக் கீழே குடியிருந்த ஒரு மூதாட்டி, தண்ணீர் கொண்டுவர எத்தனை தூரம் நடக்கிறோம் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, "செடிக்கு யார் ஊற்றுவது?" என்று மட்டும் மராத்தியில் கேட்டார். அவர் கோபப்படவே இல்லை. நட வேண்டியது முதல் மழையோடு என்பது அந்த ஊரில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் முப்பது ஆண்டுகளாக மறக்கவில்லை. இன்று என் மாணவர்கள் எந்தத் திட்டத்தை எழுதிக்கொண்டு வந்தாலும், இதை யார் கேட்டார்கள், நீங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற இரண்டையும் எழுதாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

டிசம்பருக்குப் பொருந்தும் வேலை இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் "வனராய் பந்தாரா" என்று சொல்லப்படும் தற்காலிகத் தடுப்பணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலியான சிமெண்ட் சாக்குகளில் மண்ணையும் மணலையும் நிரப்பி, வாய் கட்டி, ஓடையின் குறுக்கே செங்கல் அடுக்குவது போல் அடுக்கிவிடுவார்கள். மழை நின்று ஓடையில் நீரோட்டம் மெலிந்திருக்கும் காலத்தில் கட்டினால், அந்த நீர் தேங்கி, பக்கத்துக் கிணறுகளின் மட்டம் சில வாரங்களாவது கூடுதலாக நிற்கும். ஊரில் தங்கியிருப்பவர்கள் கரையோரம் கொஞ்சம் காய்கறி போட முடியும். மாடுகளுக்குக் குடிக்க நீர் இருக்கும். பொருட்செலவு மிகக் குறைவு, தேவைப்படுவது உடலுழைப்பு. ஐம்பது மாணவர்கள் வரிசையில் நின்று சாக்குகளைக் கைமாற்றினால் சில நாட்களில் முடிந்துவிடும் வேலை இது. ஊரில் உழைக்கும் கைகள் சூளைக்குப் போயிருக்கும் மாதத்தில் அந்தக் கைகளின் இடத்தை நீங்கள் நிரப்புகிறீர்கள். ஆனால் ஓடையில் இப்போது நீர் ஓடுகிறதா, எந்த இடத்தில் கட்ட வேண்டும், தேங்கும் நீர் யார் நிலத்தின் ஓரத்தில் நிற்கும் என்பவற்றை ஊரார் சொல்ல வேண்டும். டிசம்பர் இறுதியில் நீர் வற்றிவிட்ட ஓடையின் குறுக்கே அறிக்கைக்காகச் சாக்கு அடுக்குவதில் பயன் ஒன்றும் இல்லை.

ஊராரின் தேவையையும் காலத்தையும் பார்த்து வேலையை அமைத்துக்கொள்வதற்கு அந்த மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மும்பையில் படிக்கும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். கல்வியாளர்களான தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945இல் போர்டி கிராமத்தில் குழந்தைப் பள்ளி தொடங்கினார்கள். ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியையே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். முற்றம் என்று பொருள்படும் "ஆங்கண்" என்ற சொல்லோடு சேர்ந்துதான் இன்று நாடு முழுவதும் வழங்கும் அங்கன்வாடி என்ற பெயர் அமைந்திருக்கிறது. பின்னர் டஹாணு வட்டத்தின் கோஸ்பாட் மலைக்குச் சென்றபோது, ஆதிவாசிப் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போவதைக் கண்டு, மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகளின் பொழுதுக்குத் தங்கள் பாடத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதே அவர்கள் செய்த பெரிய காரியம். அனுதாய் வாக் 1992இல் மறையும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார். ஏழு நாள் முகாமை அந்த வாழ்வோடு ஒப்பிட முடியாது என்பதை அறிவேன். ஆனால் சென்ற ஆண்டு நீங்கள் போன பள்ளியில், நீங்கள் ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஐந்து நாட்களும் அந்த வகுப்பாசிரியர் எங்கே உட்கார்ந்திருந்தார், அவர் நடத்த வேண்டியிருந்த பாடம் என்ன ஆயிற்று என்பதை இப்போது நினைத்துப் பார்க்க அது உதவும்.

திட்ட அலுவலரிடம் கேட்க வேண்டியவற்றுள், எத்தனை ஆண்டுத் தொடர்பு என்பதை முன்பே சொன்னேன். இந்த ஆண்டின் வேலையை யார் முடிவு செய்தார்கள், ஊராட்சித் தலைவரான சர்பஞ்ச் மட்டுமா, பாடா எனப்படும் சிறு குடியிருப்புகளில் உள்ள பெண்களிடமும் கேட்டார்களா என்று கேளுங்கள். சென்ற ஆண்டு செய்த வேலை இன்று என்ன நிலையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் அலுவலரை நம்பிப் போகலாம். அம்மாவின் கவலைக்கும் அவரிடமே பதில் இருக்க வேண்டும்: மாணவிகளோடு ஆசிரியை ஒருவர் இரவும் தங்குகிறாரா, தங்குமிடம் பள்ளிக் கட்டடமா, ஆதிவாசிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஆசிரமப் பள்ளியா, கழிப்பறையும் கதவுத் தாழ்ப்பாளும் சரியாக இருக்கின்றனவா, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தொலைவு, அவசரத்துக்கு வண்டி ஒன்று முகாமிலேயே நிற்குமா. அந்தப் பக்கத்தில் பாம்புக்கடி அரிதன்று. இருட்டிய பின் டார்ச் இல்லாமலும் மூடிய காலணி இல்லாமலும் வெளியே போகக் கூடாது. எல்லா இடங்களிலும் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, ஆசிரியையின் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள். பெற்றோர் கேட்கும் இக்கேள்விகளை அவமதிப்பாகக் கருதும் கல்லூரி அலுவலர் யாரும் இருக்கக் கூடாது.

இப்போது அப்பாவின் கேள்வி. தாராவியில் வளர்ந்த உங்களுக்கு, மற்ற மாணவர்களுக்கு இல்லாத ஓர் அறிவு இருக்கிறது. பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் அப்பளம் காயவைத்திருக்கும் கூடைகளைத் தாண்டிக்கொண்டு கேமராவோடு வருகிறவர்களையும், ஒரு நாள் வந்து குப்பை பொறுக்கிவிட்டுக் கையுறையோடு படம் எடுத்துக்கொண்டு போகும் கல்லூரிக் கூட்டங்களையும் நீங்கள் உங்கள் வாசற்படியிலிருந்து பார்த்திருப்பீர்கள். அப்போது உங்கள் அம்மா எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஜவ்ஹாருக்குப் போனால், உங்கள் குழுவிலேயே நீங்கள்தான் மிகக் குறைவாகத் தவறு செய்வீர்கள். 2020 ஏப்ரல் முதல் நாளில் தாராவியில் முதல் கொரோனா தொற்று உறுதியானபோது, மாநகராட்சி ஊழியர்களும் மருத்துவர்களும் வீடு வீடாகப் போக முடிந்ததற்கு, எந்தச் சந்து எங்கே முடியும், எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய் என்று அறிந்த உள்ளூர்க்காரர்கள் உடன் நின்றதும் ஒரு காரணம். அந்த அறிவு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது, உங்களிடம் இருக்கிறது.

உங்கள் சந்தில் வேலை இருக்கிறதா என்றால், நிறைய இருக்கிறது, அதுவும் விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தும் வேலை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கான இணையவழிப் படிவம் திறக்கும். பதினோராம் வகுப்பு நடக்கும் இளநிலைக் கல்லூரிகளின் விருப்ப வரிசையை எப்படி நிரப்புவது, முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் மதிப்பெண்ணை எங்கே பார்ப்பது என்று தெரியாமல், நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் தொலைவான கல்லூரியில் இடம் கிடைத்து, ரயில் கட்டணத்துக்கு வழியின்றிப் பாதியில் நிற்கிறார்கள். தமிழ் வழியில் மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளையின் பெற்றோருக்கு ஆங்கிலமும் மராத்தியும் கலந்த அந்தப் படிவம் சுவர் போல நிற்கிறது. வருமானச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்று தெரியாது. பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் வசித்ததற்கான ஆதாரம் கேட்கப்படும் என்பதே பலருக்குக் கடைசி நாளில்தான் தெரியவரும். வணிகவியல் படிக்கும் நீங்களும் இரண்டு தோழிகளும் ஒரு மடிக்கணினியோடு மே, ஜூன் மாதங்களில் மாலை இரண்டு மணி நேரம் உங்கள் வட்டார விநாயகர் கோயில் மண்டபத்திலோ படிப்பகத்திலோ உட்கார்ந்தால் போதும். யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள் என்பதால், தவறாக நிரப்பிய படிவத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் உங்களுடையதாக இருக்கும். அந்தப் பொறுப்பு மலைநகரக் காப்பகத்துக்கு வரும் எவருக்கும் இல்லை.

ஆக, டிசம்பரில் ஜவ்ஹார், மே மாதம் உங்கள் சந்து என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்; இரண்டாவதற்கு அவரையே இடம் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

இறுதியாக அந்தச் சிறுமி. சீக்கிரம் வருவேன் என்று சொன்னதற்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம், ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். குழந்தைகள் நாள் எண்ணுவார்கள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் முகவரிக்கு, வகுப்பு முழுவதற்குமாக ஒரு கடிதம் எழுதுங்கள். எளிய இந்தியில், பெரிய எழுத்தில், அவர்களே படித்துக்கொள்ளும்படி எழுதுங்கள். ஓர் அக்கா இப்போது எங்கே படிக்கிறாள், மும்பையில் மழை எப்படிப் பெய்யும், அவள் வீட்டுச் சந்து எவ்வளவு குறுகலானது என்றெல்லாம் சொல்லுங்கள். பிறகு, நான் வருவேன் என்று சொன்னேன், இந்த ஆண்டு என்னால் வர முடியாது, எப்போது வர முடியும் என்றும் எனக்குத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் கல்லூரி முகவரியைக் கீழே குறித்துவிடுங்கள். பதில் வந்தால், ஒவ்வொரு கடிதத்துக்கும் நீங்களும் பதில் எழுத வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்துக்கொண்டு அஞ்சலில் சேருங்கள்.